அரண்மனைத் திருமணமும் அடையாளத்தின் விலையும்

2018ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள், இங்கிலாந்திலுள்ள வின்ட்சர் கோட்டையின் புனித ஜார்ஜ் சிற்றாலயத்தில், இளவரசர் ஹாரிக்கும் அமெரிக்க நடிகையாயிருந்த மேகன் மார்க்கிளுக்கும் திருமணம் நடைபெற்றது. அரச குடும்பத் திருமணத்தைக் குறித்து இறையியல் ஏட்டில் எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். அன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் கண்டது அணிவகுப்பை மட்டுமன்று; ஒரு வழிபாட்டை முழுமையாகக் கண்டனர்; திருமறை வாசிக்கப்படக் கேட்டனர்; ஒரு பிரசங்கத்தையும் கேட்டனர். அமெரிக்காவில் மட்டும் சுமார் 2 கோடியே 90 இலட்சம் பேர் அதைப் பார்த்தனர். நம் காலத்தில் இத்துணைப் பேர் ஒரே வேளையில் செவிமடுத்த பிரசங்கம் வேறு இருத்தல் அரிது. ஆகவே, அதனை அரண்மனைச் செய்தி என்று ஒதுக்கிவிடுதல் திருப்பணியாளருக்கும் இறையியல் மாணவருக்கும் தகுவதன்று.

நாம் எழுப்பும் வினா ஒன்றே. அவ்வழிபாட்டில் இனப் பன்மை மிக அழகாகக் காட்டப்பட்டது. அது தான் குறித்த பொருளை விளைவிக்கும் அடையாளமாக இருந்ததா, அல்லது பழைய கட்டடத்தின்மீது தொங்கவிடப்பட்ட தோரணமாக இருந்ததா? இங்கிலாந்து திருச்சபையின் 39 கோட்பாடுகளுள் 25ஆவது, திருவருட்சாதனங்களை வெறும் சின்னங்கள் என்னாது, பயன் விளைக்கும் அடையாளங்கள் என்று வரையறுக்கின்றது. அரசர்களின் சடங்குகள் திருவருட்சாதனங்கள் அல்ல. எனினும், ஆலயத்தில், ஆண்டவருடைய நாமத்தில், திருச்சபையின் ஊழியர்களால் நிறைவேற்றப்படும் ஒரு செயலை அந்த அளவுகோலால் அளந்து பார்க்க நமக்கு உரிமை உண்டு.

1. காட்டப்பட்டது யாது?

அன்று பிரசங்கித்தவர் அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபையின் தலைமைப் பேராயர் மைக்கேல் கரி. அவர் 2015இல் அப்பொறுப்புக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர், அடிமைகளாயிருந்தோரின் வழித்தோன்றல். மன்றாட்டுகளை ஏறெடுத்தோருள் ஒருவர் ஜமைக்காவில் பிறந்த குருவானவர் ரோஸ் ஹட்சன்-வில்கின். மற்றொருவர் லண்டனிலுள்ள காப்டிக் திருச்சபையின் பேராயர் ஆங்கெலோஸ். கேரன் கிப்சன் நடத்திய கிங்டம் பாடகர் குழு, கறுப்பின மக்களின் நற்செய்தி இசைமரபில் பாடியது. 2016இல் பி.பி.சி.யின் இளம் இசைக்கலைஞர் பட்டத்தைப் பெற்ற முதல் கறுப்பின இளைஞரான ஷெக்கு கன்னே-மேசன் செல்லோ வாசித்தார். மணமகளின் தாயார், ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்மணி, அரச குடும்பத்தினருக்கு எதிரே அமர்ந்திருந்தார்.

இவையனைத்தும் எந்த இடத்தில் நிகழ்ந்தன என்பதையும் நோக்குதல் வேண்டும். புனித ஜார்ஜ் சிற்றாலயம் எந்தப் பேராயரின் ஆளுகைக்கும் உட்பட்டதன்று. நேரே முடியின் கீழுள்ளது. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் எட்வர்ட் அரசர் ஏற்படுத்திய கார்ட்டர் வீரர் குழுவின் ஆலயம் அது. பாடகர் பகுதியின் இருபுறமும் அவ்வீரர்களின் கொடிகள் தொங்குகின்றன. பேராயர் கரி அக்கொடிகளின் நிழலில் நின்றே பேசினார்.

அரண்மனையும் அதன் திருச்சபையும் சிறிதும் மாறாதவை என்று கூறுதல் நியாயமாகாது. 1936இல், மணவிலக்குப் பெற்ற ஒரு பெண்மணியை மணப்பதற்காக எட்டாம் எட்வர்ட் முடியைத் துறக்க நேர்ந்தது. மணவிலக்குப் பெற்றோருக்குத் தக்க சூழ்நிலையில் ஆலயத்தில் மறுமணம் நடத்தலாம் என இங்கிலாந்து திருச்சபையின் பேரவை 2002இல் இசைந்தது. 2005இல் அந்நாள் இளவரசர் சார்ல்ஸின் மறுமணம் பதிவு முறையில் நடைபெற்று, பின்னர் இதே சிற்றாலயத்தில் ஆசி மட்டும் வழங்கப்பட்டது. 2018இலோ, மணவிலக்குப் பெற்றவரான மேகனுக்குக் கான்டர்பரி பேராயரே திருமணம் செய்துவைத்தார். விதிகளை மாற்ற இயலும் என்பதற்கு இது சான்று. எவ்விதிகள் மாறின, எவை மாறவில்லை என்பதே இனி நாம் காண வேண்டுவது.

2. இருவகை மனப்பான்மை

அத்திருமணத்தைப் பொதுமக்கள் இரு வகையாக ஏற்றனர். பிரிட்டனிலுள்ள கறுப்பின மக்களில் பலர், சிறப்பாகப் பெண்கள், தங்கள் பாட்டும் தங்கள் பிரசங்க மரபும் நாட்டின் உயர்ந்த பீடத்தருகே ஒலித்ததைக் கண்டு மனமார மகிழ்ந்தனர். முடியாட்சியை எதிர்ப்போரோ, பழைய பண்டத்திற்குப் புதிய வண்ணம் பூசப்பட்டது என்று எள்ளி நகையாடினர். இவ்விரு சாராரன்றி, ஆர்வமின்றி ஒதுங்கியிருந்தோரும் திரளாக இருந்தனர்.

மகிழ்ந்தோரை அறிவிலிகள் என்று கருதுவது தவறு. நூற்றாண்டுகளாகக் காணப்படாதிருந்த ஒருவர் காணப்படும்போது கண்ணீர் சிந்துவது பேதைமையன்று. ஆனால் அம்மகிழ்ச்சியைப் பிறர் எதற்குப் பயன்படுத்துகின்றனர் என்று வினவுதல் திறனாய்வாளரின் கடமை.

1867இல் வால்டர் பேஜட் எழுதிய ஆங்கில அரசியலமைப்பு பற்றிய நூல் இதற்குத் துணை செய்கின்றது. அரசமைப்பில் உண்மையாக ஆளும் பகுதி ஒன்று. மக்களின் வணக்கத்தைப் பெற்றுத் தரும் மாண்புப் பகுதி மற்றொன்று என்றார் அவர். அரியணையில் ஒரு குடும்பம் வீற்றிருப்பதால், எவருக்கும் விளங்கும் பிறப்பும் திருமணமும் அரசியலுக்குள் வந்து, மக்களின் உள்ளத்தைப் பிணிக்கின்றன என்பது அவர் கருத்து. திருமணம் எல்லார் வீட்டிலும் உண்டு. ஆதலால் அரசரின் திருமணத்தில் ஒவ்வொருவரும் தம் வீட்டைக் காண்கின்றனர். அங்ஙனம் காணும்போது, இடையிலுள்ள மதில் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது.

மைக்கேல் பில்லிக் என்னும் சமூக உளவியலாளர், ஆங்கிலக் குடும்பங்கள் அரச குடும்பத்தைப் பற்றித் தம் வீடுகளில் பேசுவதைப் பதிவு செய்து ஆராய்ந்து 1992இல் ஒரு நூல் வெளியிட்டார். அரச குடும்பத்தாரின் வாழ்வு தமக்கு வேண்டாம் என்றும், தம் எளிய வாழ்வே மேல் என்றும் மக்கள் மீண்டும் மீண்டும் கூறினர். இவ்வாறு இரக்கப்படுவதனாலேயே ஏற்றத்தாழ்வை அவர்கள் இயல்பானதாக ஏற்றுக்கொள்கின்றனர் என்பது அவர் கண்ட நுட்பம். பொறாமையைவிட இரக்கமே அரியணையைச் செவ்வனே காக்கின்றது போலும்.

3. முற்றத்தில் நின்றோர்

சிற்றாலயத்தினுள் சுமார் 600 விருந்தினர் இருந்தனர். திரைப்படக் கலைஞர்களும், விளையாட்டு வீரர்களும், பெரும் பாடகர்களும் அவர்களுள் இருந்தனர். குலப் பெருமை இல்லாதோருக்கும் புகழும் செல்வமும் கதவைத் திறந்துவிட்டன. பொதுமக்களுக்கென வேறு ஒரு ஏற்பாடு இருந்தது. 2,640 பேர் கோட்டை வளாகத்திற்குள் அழைக்கப்பட்டனர். நாட்டின் பல பகுதிகளிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட 1,200 பேர், அறப்பணி நிறுவனங்களைச் சார்ந்த 200 பேர், உள்ளூர்ப் பள்ளிகள் இரண்டின் மாணவர் 100 பேர், கோட்டை வட்டாரத்தார், அரண்மனைப் பணியாளர் ஆகியோர் அவர்கள். மணமக்கள் வருவதையும் போவதையும் முற்றத்தில் நின்று அவர்கள் காணலாம். உணவு வாங்க அங்கு வசதியில்லாமையால் மதிய உணவைத் தாமே கொண்டுவருமாறு அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. சிற்றுண்டி மட்டும் அளிக்கப்படும் என்றும் சொல்லப்பட்டது. ஆலயத்திலிருந்த 600 பேருக்கோ, புனித ஜார்ஜ் மண்டபத்தில் அரசியார் விருந்தளித்தார்.

இதை வாசிக்கும் போதகர் எவருக்கும் மத்தேயு 22ஆம் அதிகாரமும் லூக்கா 14ஆம் அதிகாரமும் நினைவுக்கு வராமலிராது. நம் ஆண்டவர் கூறிய உவமையிலும் ஓர் அரசர் தம் மகனுக்குத் திருமண விருந்து செய்கிறார். வழிச்சந்திகளிலிருந்து கூட்டிவரப்பட்டோர் அங்கு முற்றத்தில் நிற்கவில்லை, பந்தியில் அமர்ந்தனர். கட்டுச்சோறு கொண்டுவரும்படி அவர்களிடம் சொல்லப்படவும் இல்லை. உவமையின் அரசருக்கும் உலகின் அரசருக்கும் உள்ள வேற்றுமை இந்த ஒரு செய்தியிலேயே விளங்கும்.

வழிச்சந்திகளில் இருந்தோரின் நிலை என்ன? திருமணத்திற்குச் சில மாதங்களுக்கு முன், 2018ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், வின்ட்சர் பகுதி மன்றத்தின் தலைவர், தெருக்களில் இரந்து நிற்போர்மீதும் தங்குவோர்மீதும் திருமண நாளுக்கு முன் நடவடிக்கை எடுக்குமாறு காவல்துறைப் பொறுப்பாளருக்கு எழுதினார். கண்டனம் எழுந்தது, அந்நாள் பிரதமரே அவர் கருத்துக்கு உடன்படவில்லை என்றார். அக்கடிதத்தை மணமக்கள் எழுதவில்லை என்பது உண்மையே. ஆயினும், பெரியவர் வருமுன் வறியவரை அகற்றவேண்டும் என்ற எண்ணம் ஒரு பொறுப்பாளரின் உள்ளத்தில் தானே எழுந்ததென்றால், அச்சடங்கு சுற்றியுள்ளோருக்கு எதைக் கற்பிக்கின்றது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். பொன்மோதிரம் அணிந்தவனுக்கு ஒரு இடமும் கந்தையணிந்தவனுக்கு வேறிடமும் காட்டும் சபையை யாக்கோபு கண்டித்தது இக்காரணத்தினாலன்றோ?

4. முக்காட்டில் மலர்கள்

மணமகளின் முக்காடு ஐந்து மீட்டர் நீளமுடையது. அதில் அந்நாளில் காமன்வெல்த்தில் அடங்கியிருந்த 53 நாடுகளின் மலர்களும் தாவரங்களும் பூவேலையாகத் தைக்கப்பட்டிருந்தன. இந்தியாவுக்குத் தாமரை, இலங்கைக்கு நீல அல்லி, கரிபியன் தீவுகளுக்கும் அவற்றுக்குரிய மலர்கள். முன்னாள் குடியேற்ற நாடுகள் அனைத்தும் ஒரு மணப்பெண்ணின் தலைமீது மலராகப் பூத்தன. 1947க்கு முன் நம் ஆங்கிலிக்கன் சபைகளும் பொது ஜெபப் புத்தகத்தின் முறைப்படி அந்த அரச குடும்பத்திற்காக ஞாயிறுதோறும் மன்றாடியவை. ஆகவே அந்தத் தாமரை நமக்கு முற்றிலும் அயலானதன்று.

அம்மலர்கள் தைக்கப்பட்ட அதே மாதங்களில், அந்நாடுகளிலிருந்து வந்த மனிதர்களுக்கு நேர்ந்தது யாது? 1948இல் எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் வந்ததிலிருந்து 1973க்கு முன்வரை, கரிபியன் நாடுகளிலிருந்து சட்டப்படி பிரிட்டனில் குடியேறி, அங்கேயே உழைத்து முதிர்ந்தோர் பலர், சான்றுத் தாள்கள் இல்லையென்று வேலையையும் வீட்டையும் மருத்துவ உதவியையும் இழந்தனர்; சிலர் காவலில் வைக்கப்பட்டனர்; சிலர் நாடு கடத்தப்பட்டனர். அவர்கள் வந்திறங்கியதற்குரிய பதிவு அட்டைகளை 2010இல் உள்துறையே அழித்திருந்தது. 2018 ஏப்ரல் 17இல் பிரதமர் கரிபியன் நாட்டுத் தலைவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஏப்ரல் 29இல் உள்துறை அமைச்சர் பதவி விலகினார். அதற்கு இருபதாம் நாள் திருமணம். மலருக்கு இடங்கொடுப்பது எளிது. மனிதருக்கு இடங்கொடுப்பதற்கே விலை செலுத்த வேண்டியுள்ளது.

5. பிரசங்கமும் அது நிகழ்ந்த இடமும்

பேராயர் கரியின் பிரசங்கம் உன்னதப்பாட்டு 8ஆம் அதிகாரத்து 6, 7 வசனங்களை அடிப்படையாகக் கொண்டது. அன்பின் மீட்கும் ஆற்றலை மார்ட்டின் லூதர் கிங்கின் சொற்களால் தொடங்கி, அமெரிக்கத் தென்பகுதி அடிமைகள் கீலேயாத்தின் தைலத்தைக் குறித்துப் பாடிய பாட்டை நினைவூட்டி, அன்பே வழியானால் வறுமை பழங்கதையாகும், எந்தக் குழந்தையும் பசியோடு உறங்கச் செல்லாது என்று உரைத்து, தெய்யார் த சார்தின் நெருப்பைப் பற்றிக் கூறியதோடு முடித்தார். அரசவையின் அடக்கத்திற்கு அஞ்சாத முழங்கு குரல்; பதின்மூன்று நிமிடங்களுக்குக் குறையாத நேரம். கேட்டோர் சிலர் நகைத்ததும், சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதும் தொலைக்காட்சியில் தெரிந்தன. செய்யுளியல் நயமும் நற்செய்தித் தெளிவும் உடைய நல்ல பிரசங்கம் அது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இரண்டு செய்திகளைச் சுட்டவேண்டும். முதலாவது, அவர் எடுத்துக்கொண்ட ஏழாம் வசனத்தின் பிற்பகுதி, ஒருவன் தன் வீட்டுப் பொருள் முழுவதையும் கொடுத்தாலும் அன்பை வாங்க இயலாது என்று செல்வத்தை நேராக இகழ்கின்றது. செல்வத்தின் நடுவில் வாசிக்கப்பட்ட அக்கூற்று விரித்துரைக்கப்படாமல் கடந்தது. இரண்டாவது, அடிமைத்தனம் அமெரிக்கத் தென்பகுதியின் துயரமாகவே அங்கு நினைவுகூரப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சார்ல்ஸ் அரசரின் பட்டயம் பெற்று, அவர் தம்பியாகிய யார்க் கோமகனின் தலைமையில், ஆப்பிரிக்கரை அடிமைகளாக ஏற்றிச்சென்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி அந்த முடியின் நிழலில் வளர்ந்ததே. வேறிடத்தில் குற்றஞ்சாட்டும் கதையாக ஒலித்திருக்கக்கூடியது, இங்கு கேட்போர் எவரையும் தொடாத உருக்கமான கதையாக ஒலித்தது.

இதைப் பிரசங்கியாரின் குறையென்று கூற நான் துணியேன். திருமண நாளில் மணமக்களை வாழ்த்துவதே அவர் பெற்ற பணி. குறை இடத்தினுடையது. வரவேற்கப்பட்ட தீர்க்கதரிசியின் சொல்லை விருந்தின் ஒரு வகைப் பண்டமாக மாற்றிக்கொள்ளும் ஆற்றல் அரண்மனைக்கு உண்டு. இதைப் பேராயர் கரி அறியாதவரல்லர். ஐந்து நாட்களுக்குப் பின், மே 24ஆம் நாள் மாலை, வேறு பல திருச்சபைத் தலைவர்களோடு மெழுகுவர்த்தி ஏந்தி வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு முன் நடந்து, தம் நாட்டு ஆட்சியின் போக்குக்கு எதிராக நற்செய்தியை அறிக்கையிட்டார். அன்பைப் பற்றிய அதே செய்தி. ஆனால் இம்முறை அவர் வாசலுக்கு வெளியே நின்றார். வின்ட்சர் பிரசங்கத்தைப் புகழ்ந்த உலகம் இந்த நடையை அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

6. நாற்பத்தைந்தாம் சங்கீதம் கேட்டது

திருமறையிலும் ஓர் அரச திருமணப் பாட்டு உண்டு. நாற்பத்தைந்தாம் சங்கீதம் அரசனையும், பொன்னாடை அணிந்த அரசியையும் போற்றுகின்றது. அதன் 10ஆம் வசனத்தில் மணமகளுக்கு ஓர் அறிவுரை உண்டு: தன் மக்களையும் தன் தந்தை வீட்டையும் அவள் மறந்துவிட வேண்டும். அரண்மனைக்குள் புகும் பெண்ணிடம் அரண்மனை கேட்கும் விலை அது. 2018இல் உலகம் நம்பியது இதற்கு நேர்மாறானது. மணமகள் தன் மக்களின் பாட்டை உள்ளே கொண்டுவந்தாள், அதனால் உள்ளே இருப்போர் மாறுவர் என்பது அந்நம்பிக்கை.

2020 சனவரி 8இல் அத்தம்பதியர் அரச கடமைகளிலிருந்து விலகுவதாக அறிவித்தனர். 2021 மார்ச்சில் அளித்த தொலைக்காட்சி நேர்காணலில், பிறக்கவிருந்த குழந்தையின் தோல் நிறத்தைக் குறித்துக் குடும்பத்தாரிடையே கவலை தெரிவிக்கப்பட்டது என்றனர். எழுப்பப்பட்டவை கருதத்தக்கவை, ஆயினும் நினைவுகள் வேறுபடலாம் என்று அரண்மனை மறுமொழி கூறியது. ஒரு குடும்பத்தின் வழக்கில் தீர்ப்பளிப்பது நம் பணியன்று. ஆனால் ஆவணங்களைக் குறித்து நாம் பேசலாம். 1960களின் பிற்பகுதிவரை வெள்ளையரல்லாத குடியேறிகளையும் அயல்நாட்டாரையும் அரண்மனையில் எழுத்தர் பணிக்கு நியமிப்பதில்லை என்பதே வழக்கமாயிருந்தது. இல்லப் பணியாளராக மட்டும் ஏற்பதுண்டு. பின் வந்த இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் அரண்மனைப் பணிக்கு முழுமையாகப் பொருந்தாதபடி விலக்கும் பெறப்பட்டது. இச்சான்றுகளைக் கார்டியன் நாளிதழ் 2021 ஜூனில் வெளியிட்டது. அரசன் உங்கள் பிள்ளைகளைச் சமையற்காரராகவும் அப்பம் சுடுவோராகவும் எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் எச்சரித்ததை அறிந்தோர் இதைக் கண்டு வியப்படையார்.

7. மீண்டும் ஒரு சடங்கு

2023 மே 6இல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் மூன்றாம் சார்ல்ஸ் அரசர் முடிசூடியபோது இந்த வினா மீண்டும் எழுந்தது. இந்து, சீக்கிய, இஸ்லாமிய, யூத சமயத்தார் நால்வர் அரச சின்னங்கள் சிலவற்றைக் கொணர்ந்து அளித்தனர். இந்துவான பிரதமர் ரிஷி சுனக் கொலோசெயர் நிருபத்தின் முதல் அதிகாரத்திலிருந்து வாசித்தார். பாராட்டத்தக்க மரியாதை. ஆயினும் அந்நால்வரும் பிரபுக்கள் அவையின் உறுப்பினர். சமயத்தின் வாசல் திறந்தது; வகுப்பின் வாசல் இருந்தபடியே இருந்தது. அதே காலையில், முடியாட்சிக்கு எதிராக அமைதியாக நிற்க வந்த சிலர் தொடங்குமுன்னரே கைது செய்யப்பட்டனர். பின்னர் வழக்கின்றி விடுவிக்கப்பட்டனர். காவல்துறை வருத்தம் தெரிவித்தது. இசைவோரின் பன்மைக்கு ஆலயத்தில் இருக்கை. இசையாதோரின் குரலுக்குத் தெருவிலும் இடமில்லை.

இதற்கிடையில் பார்படாஸ் 2021 நவம்பர் 30இல் குடியரசாயிற்று. முக்காட்டில் மலராயிருந்த நாடுகளுள் ஒன்று, தன் தலைவரைத் தானே தெரிந்துகொண்டது. அவ்விழாவில் கலந்துகொண்ட இளவரசர் சார்ல்ஸ் அடிமைத்தனத்தின் கொடுமையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வின்ட்சரில் சொல்லப்படாதது அங்கே சொல்லப்பட்டது. முடி இறங்கிய மேடையிலேயே அதைச் சொல்ல முடிந்தது.

8. முடிவுரை

அடையாளங்கள் தேவையற்றவை என்பது நம் முடிபன்று. அப்பமும் திராட்சரசமும் இன்றி வாழாத திருச்சபை அங்ஙனம் கூறவும் இயலாது. 2018இன் வழிபாடு முழுவதும் வீண் என்றும் நாம் கூறவில்லை. அன்று மன்றாடிய ரோஸ் ஹட்சன்-வில்கின் 2019இல் டோவர் பேராயராகி, இங்கிலாந்து திருச்சபையின் முதல் கறுப்பினப் பெண் பேராயரானார். அழைத்துவந்து காட்டுவதைவிட, ஆளுகைப் பொறுப்பை ஒப்படைப்பது மெய்யான அடையாளம்.

எனவே அடையாளத்தைச் சோதிக்க மூன்று வினாக்கள் போதும். காட்டப்பட்டவர் பந்தியில் அமர்ந்தாரா, முற்றத்தில் நின்றாரா? அவர் வந்தபின் விதி எதுவும் மாறிற்றா? அதற்குரிய விலையைச் செலுத்தியவர் அழைத்தவரா, வந்தவரா? நம் ஆண்டவரின் மேசையில் இம்மூன்றுக்கும் விடை தெளிவு: தாழ்ந்தோர் பந்தியில் அமர்ந்தனர், முந்தினோர் பிந்தினோராயினர், விலையை அழைத்தவரே செலுத்தினார். வின்ட்சரில் விலை செலுத்தியவர் வந்தவரே.

அரண்மனைகளிலிருந்து நமக்கு அழைப்பு வரப்போவதில்லை. ஆனால் பெரிய வீட்டுத் திருமணங்கள் நம் சபைகளிலும் உண்டு. அங்கே முன்வரிசை இருக்கைகள் எவருக்கென்பதும், பிரசங்கம் எத்தனை நிமிடம் என்பதும், எந்த வசனத்தை விட்டுவிடுவது நலம் என்பதும் நமக்கு மென்மையாகச் சொல்லப்படுவதும் உண்டு. அன்று மணமக்களை வாழ்த்துவோம். வாழ்த்துவது நம் கடமை. உன்னதப்பாட்டின் ஏழாம் வசனத்தை அதன் கடைசிச் சொல்வரை வாசிப்பதும் நம் கடமை.